எரிக்சனின் இன்ஷியல்

ஓபன் எலெக்டிவாக சைக்காலஜி எடுத்தவர்களுக்கு அந்த டேபிள் மறந்திருக்காது. மொத்தம் எட்டு வரிசை. கைக்குழந்தைப் பருவத்தில் ‘நம்பிக்கையா, அவநம்பிக்கையா’ என்று ஆரம்பித்து, முதுமையில் ‘நிறைவா, விரக்தியா’ என்று முடியும். நடுவில் ஐந்தாவது வரிசை: ‘அடையாளமா, குழப்பமா’. அது விடலைப் பருவத்துக்கு என்று போட்டிருப்பார்கள். இருபத்தோரு வயசாகியும் நம்மில் பாதிப்பேர் இன்னும் அந்த வரிசையில்தான் நிற்கிறோம், அது வேற விஷயம்.

டேபிளுக்கு மேலே ஒரே வரியில் ‘எரிக் எரிக்சன், 1950’ என்று இருக்கும். எட்டையும் வரிசை மாறாமல் எழுதினால் முழு மார்க். அந்த ஆள் யார், எங்கிருந்து வந்தார், அவருக்கு ஏன் இந்தக் கேள்வி வந்தது என்பதெல்லாம் சிலபஸில் கிடையாது.

நம்ம டிபார்ட்மென்ட் பாடங்களில் இது ஒரு பிரச்சினையே இல்லை. கிர்க்காஃப் எப்படி வளர்ந்தார், வீட்டில் யாரோடு சண்டை போட்டார் என்று தெரியாமலேயே சர்க்யூட் சால்வ் பண்ணலாம். ஒரு நோடுக்குள் போகிற கரன்ட்டும் வெளியே வருகிற கரன்ட்டும் சமம். ஜெர்மனியிலும் சமம், ஜோலார்பேட்டையிலும் சமம். ஆனால் மனசைப் பற்றித் தியரி எழுதுகிறவருக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. அவர் கையில் இருக்கிற கருவியும் மனசு, அளக்கப்படுகிற பொருளும் மனசு. ஒரு மல்டிமீட்டரை அதே மல்டிமீட்டரால் செக் பண்ணுகிற மாதிரி. அதுவும் போக, அவருக்கு இருபத்து நாலு மணி நேரமும் கிடைக்கிற ஒரே சாம்பிள் அவரேதான்.

அப்போ அந்த டேபிளை நாம் எவ்வளவு நம்பலாம்? எலெக்டிவ் முடிந்தும் என்னை விடாத கேள்வி இது. எரிக்சனின் வாழ்க்கையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தது அதனால்தான்.

அப்பா யார்?

எரிக்சன் பிறந்தது 1902 ஜூன் 15, ஜெர்மனியில். அம்மா கார்லா, டென்மார்க்கின் கோபன்ஹேகனைச் சேர்ந்த ஒரு யூதக் குடும்பத்துப் பெண். கல்யாணமான வேகத்திலேயே கணவர் பிரிந்து போய்விட்டார். வயிற்றில் இருந்த குழந்தை அவருடையது இல்லை. யாருடையது என்பதைக் கார்லா கடைசிவரை மகனிடம் சொல்லவே இல்லை. சொந்த ஊரை விட்டு ஜெர்மனிக்கு வந்து, தனியாகப் பிள்ளையைப் பெற்று வளர்த்தார்.

பையனுக்கு மூன்று வயசாகும்போது கார்லா, கார்ல்ஸ்ரூ நகரத்தில் குழந்தை மருத்துவராக இருந்த தியோடர் ஹோம்பர்கர் என்ற யூதரைக் கல்யாணம் செய்துகொண்டார். ‘இவர்தான் உன் அப்பா’ என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். ஆனால் பையன் நெடுநெடுவென்று வளர்ந்தான். பொன்னிற முடி, நீலக் கண். யூதக் கோவிலில் மற்ற பிள்ளைகள் ‘கோய்’ என்று கூப்பிட்டார்கள். யூதன் அல்லாதவன் என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் ஜெர்மானியப் பிள்ளைகள் ‘யூதன்’ என்று ஒதுக்கினார்கள். இங்கேயும் வெளியாள், அங்கேயும் வெளியாள்.

அவர் பட்டதோடு என்னை ஒப்பிட மாட்டேன். ஆனாலும் தமிழ் பேசினால் ஃபைன் போடுகிற ஸ்கூலில் படித்துவிட்டு, லீவுக்கு ஊருக்குப் போனதும் ‘தொரை வந்துட்டாரு’ என்று பெரியப்பா பசங்களிடம் கேலி வாங்கியவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்போம். எந்தப் பக்கமும் முழுசாக ஒட்டாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று நமக்கும் ஒரு துளி தெரியும்.

வளர்ப்பு அப்பாவின் ஆசை, பையன் டாக்டராகணும். (ஆமா, அங்கேயும்தான்.) பையன் பள்ளிப் படிப்போடு சரி. ஓவியம் கற்றுக்கொள்கிறேன் என்று பல வருஷம் ஜெர்மனி, இத்தாலி என்று சுற்றினார். 1927-இல், இருபத்தைந்து வயதில், பள்ளி நண்பர் பீட்டர் ப்ளோஸ் கூப்பிட்டார் என்று வியன்னாவுக்குப் போனார். அங்கே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. சிக்மண்ட் ஃப்ராய்டின் மகள் அன்னா ஃப்ராய்டின் வட்டத்தில் இருந்தவர்கள் நடத்திய பள்ளி அது. அன்னா இவரை உளப்பகுப்பாய்வுக்கு எடுத்துக்கொண்டார். அந்தப் பயிற்சியை முடித்து 1933-இல் அவரும் உளப்பகுப்பாய்வாளர் ஆனார். கல்லூரிப் பட்டம் என்று ஒன்று அவர் வாங்கவே இல்லை. பின்னாளில் ஹார்வர்டில் பேராசிரியராக இருந்தபோதும் அதே கதைதான்.

1933 என்றால் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த வருஷம். குடும்பத்தோடு கோபன்ஹேகன் போனார். அங்கே தங்க வழி கிடைக்கவில்லை. அங்கிருந்து அமெரிக்கா. 1939-இல் அமெரிக்கக் குடியுரிமை வாங்கும்போது பெயரை மாற்றினார். அதுவரை எரிக் ஹோம்பர்கர். இனிமேல் எரிக் எச். எரிக்சன்.

இந்த இடத்தில் தமிழ் ஆட்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. நமக்கு இது டக்கென்று புரியும். நம் பெயருக்கு முன்னால் நிற்கும் இன்ஷியல், பெரும்பாலும், அப்பா பெயரின் முதல் எழுத்து. ‘இன்னாருடைய பிள்ளை’ என்று ஒற்றை எழுத்தில் சொல்லிவிடுவோம். ஸ்காண்டிநேவியப் பெயர்களில் வரும் ‘சன்’ என்பதும் அதேதான், ‘மகன்’. எரிக்சன் என்றால் எரிக்கின் மகன். அப்பா பெயர் தெரியாத எரிக், எரிக்கின் மகன் ஆனார். தனக்குத் தானே இன்ஷியல் போட்டுக்கொண்டார். வளர்த்தவரின் ஹோம்பர்கர் என்ற பெயர் நடுவில் ‘எச்.’ என்ற எழுத்தாகச் சுருங்கிப் போனது.

‘ஐடென்டிட்டி கிரைசிஸ்’ என்ற வார்த்தையை உலகத்துக்குக் கொடுத்தவர் இவர்தான். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று தோணுதுல்ல? அங்கேதான் கொஞ்சம் பிரேக் போடணும்.

கதை அவ்வளவு ஈஸி இல்லை

அந்த வார்த்தை பிறந்தது அவருடைய டைரியில் இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், சான் ஃப்ரான்சிஸ்கோவில் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கான ஒரு சிகிச்சை மையத்தில் அவர் வேலை பார்த்தார். அங்கே வந்த சிலருக்குப் பெரிய காயம் இல்லை, நடிப்பும் இல்லை. நேற்று இருந்த ‘நான்’தான் இன்றைக்கும் இருக்கிறேன் என்ற தொடர்ச்சி மட்டும் அவர்களுக்கு அறுந்து போயிருந்தது. அதற்கு வைத்த பெயர்தான் அடையாள நெருக்கடி. போருக்கே போகாத இளைஞர்களிடமும் அதே மாதிரி ஒன்றைப் பிறகு பார்த்தார்.

அதாவது, கேள்வியை வாழ்க்கை கொடுத்தது. அந்தக் கேள்வியோடு பல வருஷம் சுற்றிய கண்ணுக்கு மற்றவர்களிடம் இருப்பது சீக்கிரம் பட்டது. இது அவருக்கே தெரியும். 1970-இல் எழுதிய சுயசரிதைக் கட்டுரை ஒன்றில், எனக்குள் இருந்த நெருக்கடியோடு சமாதானம் ஆவதற்காகத்தான் அதற்குப் பெயர் வைத்து எல்லாரிடமும் பார்த்தேன் என்று என் நெருங்கிய நண்பர்கள் சொல்வார்கள், என்று அவரே ஒத்துக்கொள்கிறார்.

வாழ்க்கையிலிருந்து தியரிக்கு நேராகக் கோடு போடுவதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. அதற்கு நல்ல உதாரணம் சிக்மண்ட் ஃப்ராய்ட். 1920 ஜனவரியில் அவருடைய மகள் சோஃபி ஃப்ளூ காய்ச்சலில் இறந்தார். அதே வருஷம் வெளிவந்த புத்தகத்தில்தான் மனிதனுக்குள் சாவை நோக்கிய ஒரு உந்துதல் இருக்கிறது என்ற கருத்து வருகிறது. மகள் செத்த துக்கத்தில் எழுதினார் என்று கதை கட்ட எவ்வளவு வசதி! ஃப்ராய்ட் இதை முன்கூட்டியே எதிர்பார்த்தார். சோஃபி நல்லபடியாக இருந்தபோதே புத்தகம் பாதி முடிந்துவிட்டது என்பதற்கு நீங்கள் சாட்சி சொல்லணும் என்று நண்பர் ஐட்டிங்கனிடம் கேட்டு வைத்தார்.

ஆனால் அதே ஃப்ராய்டின் இன்னொரு தியரியில் கோடு நேராகவே போகிறது. 1896 அக்டோபரில் அவருடைய அப்பா இறந்தார். அடுத்த வருஷம் தன்னையே பகுப்பாய்வு செய்ய ஆரம்பித்தார். அம்மாமேல் பாசம், அப்பாமேல் பொறாமை என்று தனக்குள் ஒன்று கிடப்பதைப் பார்த்தார். 1897 அக்டோபரில் நண்பர் ஃப்ளீஸுக்கு எழுதிய கடிதத்தில் அதைச் சொல்லிவிட்டு, கையோடு இது எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவானதுதான் என்று எழுதிவிட்டார். சாம்பிள் சைஸ் ஒன்று. முடிவு மொத்த மனித குலத்துக்கும். நம்ம ப்ராஜெக்ட் ரிவ்யூவில் இப்படிச் சொன்னால் கைடு என்ன சொல்வார் என்று யோசிச்சுப் பாருங்க.

அந்த மாதிரிக் கேள்வி கேட்ட ஒருவர் நம் நாட்டிலேயே இருந்தார். கல்கத்தாவில் 1922-இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை ஆரம்பித்த கிரீந்திரசேகர் போஸ். ஃப்ராய்டோடு பல வருஷம் கடிதத் தொடர்பில் இருந்தவர். அப்பா தண்டித்துவிடுவார் என்று ஆண் பிள்ளைக்குள் இருப்பதாக ஃப்ராய்ட் சொன்ன அந்த ஆழமான பயம், தன்னிடம் வந்த ஐரோப்பிய நோயாளிகளிடம் தெரிந்த அளவுக்கு இந்திய நோயாளிகளிடம் தெரியவில்லை என்று 1929-இல் ஃப்ராய்டுக்கே எழுதினார். ஃப்ராய்ட் பதில் எழுதினார், ஆனால் தியரியை மாற்றவில்லை. வியன்னாவில் ஒரு வீட்டில் நடந்தது கல்கத்தாவிலும் அப்படியே நடக்கணும் என்று என்ன இருக்கிறது? போஸின் கடிதத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு விசில் அடிக்கத் தோன்றியது.

இதற்கு எதிர்ப்பக்கம் ஜான் பௌல்பி. 1907-இல் லண்டனில் வசதியான வீட்டில் பிறந்தவர். அந்த வீடுகளில் பிள்ளைகளை வளர்ப்பது ஆயாதான். அம்மா முகத்தை ஒரு நாளைக்குக் கொஞ்ச நேரம் பார்த்தால் உண்டு. பாசமாக வளர்த்த ஆயா, பௌல்பிக்கு நாலு வயசாகும் சமயத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார். அப்புறம் சின்ன வயசிலேயே போர்டிங் ஸ்கூல். அவர் கொடுத்த தியரி என்னவென்று நீங்களே ஊகிக்கலாம்: குழந்தைக்கு நெருக்கமான ஒருவரோடு ஏற்படும் பிணைப்பும், அது அறுந்துபோவதும். ஆனால் அவர் தன் கதையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் தனியாக விடப்பட்ட குழந்தையைப் படம் பிடித்த ஜேம்ஸ் ராபர்ட்சன், உகாண்டாவிலும் பிறகு அமெரிக்காவின் பால்டிமோரிலும் தாய்களையும் குழந்தைகளையும் உட்கார்ந்து கவனித்த மேரி ஐன்ஸ்வொர்த் என்று மற்றவர்கள் கண்ணால் பார்த்ததோடு அது சேர்ந்தது. காயத்தில் பிறந்த கேள்விதான். பதிலை மட்டும் காயத்திடமே கேட்கவில்லை.

மாரட்டோரியம், ஃபோர்குளோஷர்

இனி நம்ம விஷயம். எரிக்சன் இளமைக்குச் சொன்ன இன்னொரு வார்த்தை ‘மாரட்டோரியம்’. எஜுகேஷன் லோன் வாங்கியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். படிப்பு முடிந்து கொஞ்ச காலம் வரைக்கும் தவணை கட்ட வேண்டாம் என்று பேங்க் கொடுக்கிற அவகாசம். எரிக்சன் சொன்னது என்னவென்றால், ‘நீ யாரு, என்ன பண்ணப் போறே’ என்ற கேள்விக்கு உடனே பதில் கேட்காமல், சமூகமும் இளைஞர்களுக்கு அப்படி ஒரு அவகாசம் கொடுக்கணும். தேடட்டும், மாற்றிப் பார்க்கட்டும், தப்பட்டும்.

இதையும் அவர் வாழ்க்கையோடு வைத்துப் பாருங்க. ஓவியம், இத்தாலி, பல வருஷம் ஊர் சுற்றல். டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு அது முடிந்தது. நமக்கு? ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு பதினேழு வயசில் கவுன்சலிங்கில் சாய்ஸ் ஃபில்லிங். இருபத்தொன்றில் ஆஃபர் லெட்டர். ஒரு வருஷம் சும்மா இருந்தால் ரெஸ்யூமேயில் ‘கேப்’. அடுத்த இன்டர்வ்யூவில் அதற்குக் காரணம் சொல்லணும். பேங்க் கொடுக்கிற மாரட்டோரியத்தைக்கூட வீடு கொடுக்காது.

அப்போ இந்த வரிசை நமக்குப் பொருந்தாத, வசதியான ஐரோப்பியப் பையனின் சொந்தக் கதை என்று தூக்கிப் போட்டுவிடலாமா? நானும் அந்த முடிவுக்குப் பக்கத்தில்தான் வந்தேன். அப்போதுதான் ஜேம்ஸ் மார்சியா கண்ணில் பட்டார்.

மார்சியா 1966-இல் கல்லூரி மாணவர்களை நேர்காணல் எடுத்து, எரிக்சன் சொன்னதைச் சோதித்துப் பார்க்கிற மாதிரி மாற்றினார். வேலை, மதம், அரசியல் ஆகியவற்றைப் பற்றி இரண்டே கேள்வி. தேடிப் பார்த்தாயா? முடிவெடுத்தாயா? இரண்டுக்கும் ஆம், இல்லை போட்டால் நாலு கட்டம். நம்ம ட்ரூத் டேபிள் மாதிரியேதான். தேடி முடிவெடுத்தவர் அடையாளத்தை அடைந்தவர். தேடிக்கொண்டே இருப்பவர் மாரட்டோரியத்தில் இருப்பவர். தேடவும் இல்லை, முடிவும் இல்லை என்றால் சிதறிக் கிடப்பவர். நாலாவது கட்டம்தான் எனக்குச் சுருக்கென்றது. தேடாமலேயே முடிவெடுத்தவர். பெரும்பாலும் அப்பா அம்மா காட்டிய பாதையை அப்படியே எடுத்துக்கொண்டவர். அதற்கு மார்சியா வைத்த பெயர் ‘ஃபோர்குளோஷர்’. அதுவும் பேங்க் வார்த்தை. கணக்கை முன்னாடியே முடித்துவிடுவது.

ஒரு ஆளின் சொந்தக் கேள்வி, இன்னொரு ஆளின் கையில் அளவுகோல் ஆனது இப்படித்தான். எரிக்சனின் அம்மா யார், அப்பா யார் என்று தெரியாமலேயே இந்த நாலு கட்டத்தை வைத்து ஒரு கிளாஸை அளந்து பார்க்கலாம். பொருந்தாத இடத்தில் பொருந்தவில்லை என்றும் சொல்லலாம். நாலு கட்டத்தில் நீங்க எதுல இருக்கீங்க என்று நான் கேட்க மாட்டேன். கேட்காமலேயே யோசிச்சிருப்பீங்க.

டேபிளில் இல்லாத பிள்ளை

கடைசியாக, நான் படித்ததில் என்னை ரொம்ப நாள் தொந்தரவு செய்த விஷயம். 1944-இல் எரிக்சனுக்கும் மனைவி ஜோனுக்கும் நாலாவது குழந்தை பிறந்தது. பெயர் நீல். டவுன் சின்ட்ரோம். அந்தக் காலத்தில் டாக்டர்கள் வழக்கமாகச் சொல்வதையே சொன்னார்கள்: வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள், காப்பகத்தில் விட்டுவிடுங்கள். ஜோன் இன்னும் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருக்கும்போதே எரிக்சன் சம்மதித்தார். வீட்டில் இருந்த பிள்ளைகளிடம், தம்பி பிறந்ததும் இறந்துவிட்டான் என்று சொன்னார்.

நீல் இருபது வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தான்.

யோசிச்சுப் பாருங்க. ‘இவர்தான் உன் அப்பா’ என்ற பொய்யில் வளர்ந்து, அதன் வலியைத் தியரியாகவே எழுதியவர், தன் பிள்ளைகளிடம் ‘உனக்குத் தம்பி இல்லை’ என்று பொய் சொன்னார். ஆறு வருஷம் கழித்து வெளிவந்த ‘குழந்தைப் பருவமும் சமூகமும்’ புத்தகத்தில்தான் அந்த எட்டு வரிசை வருகிறது. முதல் வரிசை நம்பிக்கை. ஜோனும் சேர்ந்து உருவாக்கிய வரிசைகள் அவை. எரிக்சனின் வாழ்க்கை வரலாற்றை 1999-இல் எழுதிய லாரன்ஸ் ஃப்ரீட்மன், ஆரோக்கியமாக வளரும் குழந்தையைப் பற்றிய அந்தப் படத்துக்கும் நீலுக்கும் தொடர்பு இருக்கிறது என்கிறார். டேபிளில் ஒவ்வொரு வரிசையையும் தாண்டிப் போகிற குழந்தை இருக்கிறது. நீல் மாதிரி ஒரு குழந்தைக்கு அதில் இடமே இல்லை.

இன்னொன்றும் உண்டு. 1918 அகமதாபாத் மில் வேலைநிறுத்தத்தை வைத்து எரிக்சன் காந்தியைப் பற்றி எழுதிய ‘காந்தியின் உண்மை’ புத்தகம் 1970-இல் புலிட்சர் பரிசு வாங்கியது. அதன் நடுவில் செத்துப்போன காந்திக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். உண்மை உண்மை என்கிறீர்கள், ஆனால் உங்களுக்கு நெருக்கமானவர்களிடம் நீங்கள் காட்டிய கடுமையில் ஒரு வன்முறை ஒளிந்திருக்கிறதே, என்று கேட்கிறார். நல்ல கேள்விதான். கேட்டவரின் வீட்டிலும் ஒரு உண்மை ஒளிந்திருந்தது.

இதைப் படித்ததும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் மெதுவாக ஒன்று புரிந்தது. வாழ்க்கை ஒருவருக்குக் கண்ணையும் கொடுக்கிறது, கண் மறைவையும் கொடுக்கிறது. அப்பா இல்லாத வலி, அடையாளத்தைப் பார்க்கிற கண்ணைக் கொடுத்தது. அதே வீட்டில் கற்றுக்கொண்ட மறைக்கிற பழக்கம், நீலைப் பார்க்க விடாமல் செய்ததா? அதை நான் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு தியரியைப் படிக்கும்போது, ‘இவருக்கு இது எங்கிருந்து தெரிந்தது’ என்பதோடு, ‘இதில் யார் விட்டுப் போயிருக்கிறார்கள்’ என்றும் கேட்கணும் என்று மட்டும் கற்றுக்கொண்டேன்.

இந்த இரண்டு கேள்வியும் பெரிய ஆட்களுக்கு மட்டும் இல்லை. எங்க அப்பாவிடமும் ஒரு தியரி இருக்கிறது. ‘கவர்மென்ட் வேலைதான் வேலை, மத்ததெல்லாம் வாடகை வீடு.’ அதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். அவர் வேலை பார்த்த மில் மூடியபோது எனக்கு நாலு வயசு. இரண்டு வருஷம் கடையில் கணக்கு எழுதி எங்களைக் காப்பாற்றினார் என்பது தெரிந்த கதைதான், ஆனால் அந்தத் தியரியையும் இந்தக் கதையையும் நான் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது இல்லை. எரிக்சனைப் படித்த பிறகு போன மாதம் சும்மா கேட்டேன்: ‘மில் மூடின அன்னிக்கு வீட்டுக்கு வந்து என்னப்பா சொன்னீங்க?’ ஒரு மணி நேரம் பேசினார். இதுவரை நான் கேட்காத கதை.

அதனால் அவர் தியரி சரியாகிவிடாது. அது அவர் காலத்துக்கு, அவர் ஊருக்கு, அந்த மில்லுக்கு வந்த பதில். என் கையில் ஒரு ஆஃபர் லெட்டரும், மேலே படிக்கலாமா என்ற ஆசையும் இருக்கின்றன. அதற்கான பதிலை நான்தான் சோதித்துப் பார்க்கணும். ஆனால் இப்போது அப்பா அந்த வரியைச் சொல்லும்போது எரிச்சல் வருவதில்லை. எந்த இடத்தில் நின்று பேசுகிறார் என்று தெரிகிறது.

உங்க வீட்டிலும் இப்படி ஒரு தியரி கண்டிப்பா இருக்கும். அடுத்த தடவை அதைக் கேட்கும்போது மறுத்துப் பேசுவதற்கு முன்னால், அது எந்த வருஷத்தில் பிறந்தது என்று மட்டும் கேட்டுப் பாருங்க.